25,000 ரூபாய்க்குள் கேனான் 200டி-க்கு ஒரே ஒரு ஜூம் லென்ஸ்: எதை வாங்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கையில் கேனான் 200டி கேமரா, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ் (இந்த எண்கள் மில்லிமீட்டரில் ஃபோகல் லெங்த்; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், குறையக் குறைய அகலமாகப் பிடிக்கும்). மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடும்போது பின்வரிசையிலிருந்து எடுத்தால் 55 எட்டவில்லை. கோயில், சுற்றுலா, வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், நடுவில் கழற்றி மாட்டுகிற வேலை கூடாது. செலவு 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கடைக்காரர் 18-400 வாங்கச் சொல்கிறார். அலுவலக நண்பர் 24-105 எல் (எல் என்பது கேனானின் உயர்தர வரிசை) என்கிறார். இணையத்தில் ஒருவர் 17-50 எஃப் 2.8 தவிர மற்றதெல்லாம் வீண் என்று எழுதியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் ஆளுக்கொரு பிரச்சினைக்கு மருந்து சொல்கிறார்கள். கடைக்காரர் தூரத்துக்குச் சொல்கிறார், இணையத்துக்காரர் வெளிச்சத்துக்குச் சொல்கிறார், நண்பர் கண்ணாடியின் தரத்தைப் பார்த்துச் சொல்கிறார். உங்களுக்குக் குறைவது தூரமா வெளிச்சமா என்பது தெரிந்தால்தான் காசை எதில் போடுவது என்று சொல்ல முடியும். மதுரைப் பக்கம் பல வருடம் கல்யாண போட்டோ எடுத்துவிட்டு, இப்போது லென்ஸ் சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நான். கேனான்தான் என் கைக்குப் பழக்கம். நிகான் பற்றிக் கடைசியில் சொல்லப்போவதை அந்தப் பக்கத்து ஆட்களிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் செலவில்லாத ஒரு வேலை. கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பகுதியைப் பாருங்கள். ஃபோகல் லெங்த் எவ்வளவு என்று இருக்கும். பிடித்த படங்களாக ஒரு ஐம்பதை எடுத்துக்கொண்டு பார்த்தால் போதும். பாதிக்கு மேல் 55-இல் வந்து முட்டி நிற்கிறதென்றால் உங்களுக்குத் தூரம் குறைகிறது. 18-இல் முட்டி நிற்கிறதென்றால் எவ்வளவு பெரிய ஜூம் வாங்கினாலும் குறை தீராது. கேனானின் 10-18 எஸ்.டி.எம் (இது ஃபோகஸ் மோட்டாரின் வகை) மாதிரி ஓர் அகல லென்ஸ்தான் தீர்க்கும். எண்கள் நடுவில் பரவிக் கிடந்து படங்கள் மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் இருந்தால் தூரத்தில் குறையில்லை, வெளிச்சம்தான் போதவில்லை. அதே இடத்தில் ஐஎஸ்ஓவும் (குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்டக் கேமரா கூட்டும் அளவு, கூடினால் புள்ளியும் கூடும்) ஷட்டர் வேகமும் இருக்கும், அதையும் பாருங்கள். ஷட்டர் 1/30, 1/40 நொடி என்றிருக்கும் படத்தில் குழந்தையின் கை மட்டும் கலங்கியிருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

இனி தூரம். 200டி-யின் சென்சார் 22.3 மில்லிமீட்டர் அகலம், 14.9 மில்லிமீட்டர் உயரம். இதை வைத்து எந்த லென்ஸ் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்று பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும், கணக்குப் போட்டுவிடலாம். பள்ளி மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 55-இல் கிடைமட்டமாக எடுத்தால் படத்தின் உயரத்துக்குள் சுமார் 5.4 மீட்டர் அடங்கும். நாலடி உயரக் குழந்தை அதில் கால்வாசிகூட வராது, மேலே கட்டிய ஃபிளெக்ஸ் பேனர்தான் பெரிதாகத் தெரியும். 135-இல் அது 2.2 மீட்டராகச் சுருங்கும். குழந்தை பாதிப் படத்துக்கு மேல் நிற்கும், கை விரித்து ஆடுவதற்கு இடமும் மிஞ்சும். 250-இல் 1.2 மீட்டர்தான், நாலடிக் குழந்தையின் தலையும் காலும் விளிம்பைத் தொடும். 400-இல் முக்கால் மீட்டர், முகமும் தோளும்தான். ஆடிக்கொண்டிருக்கும் குழந்தையை 400-இல் துரத்திப் பிடிப்பது பழகியவர்களுக்கே திண்டாட்டம். ஆகவே 20 மீட்டர் மேடைக்கு 135 போதும்.

போதாவிட்டாலும் வெட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. 200டி 24 மெகாபிக்சல் கேமரா, படம் 6000க்கு 4000 புள்ளிகள். பக்கவாட்டில் பாதி, மேல்கீழாகப் பாதி என்று வெட்டினாலும் 3000க்கு 2000 மிஞ்சும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்கிற நல்ல பிரிண்ட் கணக்கில் அது 10 அங்குல அகலத்துக்கு வரும், ஆல்பத்துக்குத் தாராளம். 135-இல் எடுத்ததை அப்படி வெட்டினால் 270-இல் எடுத்த அளவுக்கு நெருக்கம். வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால் இன்னும் வெட்டலாம். பெரிய ஜூம் விற்கும் கடையில் இந்தக் கணக்கை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அகலப் பக்கத்துக்கும் இதே கணக்குதான், அங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வீட்டு ஹாலில் சீமந்தம் நடக்கிறது. சுவரோடு ஒட்டி நின்றாலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் உங்களுக்கும் பத்தடிதான் இடைவெளி. 18-இல் சுமார் பன்னிரண்டரை அடி அகலம் படத்துக்குள் வரும். 24-இல் ஒன்பதரை அடிகூட வராது. அந்த மூன்றடியில்தான் அத்தையும் சித்தியும் உட்கார்ந்திருப்பார்கள். நண்பர் சொன்ன 24-105 எல் அருமையான லென்ஸ், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஃபுல் ஃபிரேம், அதாவது இதைவிடப் பெரிய சென்சார் உள்ள கேமராவுக்காகச் செய்தது. உங்கள் 200டி-யில் மாட்டினால் 1.6 மடங்கு கணக்கில் 38-இல் தொடங்கும் லென்ஸாகிவிடும். கல்யாண மண்டபத்தில் பின்னால் நகர இடமிருக்கும், வீட்டில் இருக்காது. பழைய முதல் பதிப்பே 670 கிராம், கைக்கடக்கமான 200டி-யில் முன்பாரம் இழுக்கும். ஒரே லென்ஸ் என்கிற உங்கள் நிபந்தனைக்கு இது ஒத்துவராது.

அடுத்து வெளிச்சம். எஃப் என்பது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்கிற அளவு; எண் சிறிதானால் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம். ஜூம் லென்ஸின் பெயரில் எஃப் 3.5-5.6 என்றிருந்தால் முதல் எண் அகலப் பக்கத்துக்கு, இரண்டாவது எண் நீளப் பக்கத்துக்கு. நீட்ட நீட்ட வாய் சுருங்கும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 5.6-க்கும் 2.8-க்கும் நடுவில் இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம். நடைமுறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். இரவில் ட்யூப் லைட் எரியும் சாதாரண ஹாலில் ஓடியாடும் குழந்தையை எடுக்க ஷட்டர் குறைந்தது 1/125 வேண்டும். எஃப் 5.6-இல் அதற்கு ஐஎஸ்ஓ 6400-ஐ ஒட்டிப் போக வேண்டியிருக்கும். எஃப் 2.8-இல் 1600 போதும். 200டி-யில் 1600 சுத்தமாக இருக்கும், 3200 பரவாயில்லை, 6400-இல் முடியும் தோலும் குழைந்து மெழுகு மாதிரி ஆகிவிடும். இது என் கண்ணுக்குத் தெரிகிற அளவு. போனில் மட்டும் பார்ப்பவருக்கு 6400-உம் நன்றாகவே தெரியலாம்.

ஆண்டு விழா மேடை வீட்டு ஹாலைவிட வெளிச்சமானது. ஒழுங்காக லைட் போட்ட மேடையில் எஃப் 5.6, 1/250, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை என்று சமாளித்துவிடலாம். பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா ஏமாந்து படத்தை வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். முகம் வெளுத்துப்போனால் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, கொஞ்சம் இருட்டாக இருந்தால் தூக்கிக்கொள்ளலாம்.

இமேஜ் ஸ்டெபிலைசர் இருக்கிறதே, அது இருட்டுக்கு உதவாதா என்று கேட்பீர்கள். உதவும், எடுக்கப்படுவது அசையாமல் இருந்தால். தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்றில் நிழலான மண்டபத்துத் தூணை 18-இல் 1/8 நொடியில் கையிலேயே வைத்து எடுக்கலாம், கல் நகராது. அதே 1/8 நொடியில் குழந்தையை எடுத்தால் தூண் கூர்மையாகவும் குழந்தை புகையாகவும் வரும். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், குழந்தையின் ஆட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. "நாலு ஸ்டாப் ஐ.எஸ். இருக்கு சார், இருட்டிலும் எடுக்கலாம்" என்று விற்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

18-400-க்கு வருவோம். டாம்ரான் 2017-இல் கொண்டுவந்தது. 22 மடங்கு ஜூம், 700 கிராமுக்கு மேல் எடை. புதிதாக வாங்கினால் உங்கள் பட்ஜெட்டுக்கு வெகு மேலே. வேடந்தாங்கல் பறவைக்கும் குடும்பப் படத்துக்கும் ஒரே லென்ஸ் வேண்டும் என்பவருக்கு அது ஒரு வழி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு பெரிய வீச்சை ஒரே குழாயில் அடக்க விட்டுக்கொடுக்க வேண்டியது அதிகம். 35 மி.மீ. ஃபிலிம் ஸ்டில் கேமராவுக்கென்று 1959-இல் வந்த முதல் ஜூம், ஃபோய்க்ட்லேண்டரின் ஜூமார், 36-82 தான். இரண்டேகால் மடங்கு சொச்சம். 1992-இல் டாம்ரான் 28-200 வந்தபோது ஏழு மடங்கே பெரிய ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடித் தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது, இருந்தாலும் அகலத்துக்கும் நீளத்துக்கும் ஒரே சமயத்தில் திருத்தம் செய்வது கடினம் என்கிற அடிப்படை மாறவில்லை. 18-இல் கோபுரத்தின் ஓரக்கோடு பீப்பாய் மாதிரி வளையும், நீளக் கடைசியில் கூர்மை இறங்கும், வானத்தை ஒட்டிய கிளைகளில் ஊதாக் கோடு விழும். கோட்டு வளைவைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்திவிடலாம், போன கூர்மை திரும்பி வராது. நீளக் கடைசியில் எஃப் 6.3 வேறு. 200டி-யின் வியூஃபைண்டர் ஃபோகஸ் 5.6 வரை திறக்கும் லென்ஸ்களை மனதில் வைத்துச் செய்தது, 6.3-இலும் வேலை செய்யும், மாலை வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். இன்னொன்றையும் கடையில் சொல்ல மாட்டார்கள்: இந்த வகைப் பெரிய ஜூம்களில் பக்கத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்யும்போது உண்மையான நீளம் கணிசமாகச் சுருங்கும். வளையத்தில் 200 என்று இருந்தாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியாது.

பட்ஜெட்டுக்குள் வரும் பெரிய ஜூம் என்றால் டாம்ரானின் 18-200 வி.சி. (டாம்ரான் தன் ஸ்டெபிலைசருக்கு வைத்த பெயர்), 2015-இல் வந்தது. 400 கிராம்தான், பையில் கனம் தெரியாது. பகல் வெளிச்சத்தில் எஃப் 8 வைத்து எடுத்தால் படம் கண்ணியமாக இருக்கும். கேனானின் சொந்த 18-200 ஐ.எஸ். 2008-ஆம் வருடத்துச் சரக்கு, மோட்டார் சத்தம் வீடியோவில் கேட்கும். தலைகீழாகத் தொங்கவிட்டால் தானாக நீண்டுவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. அதற்காகவே பக்கத்தில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டில் எதை வாங்குவதைவிடவும் 18-135 நல்லது என்பது என் கட்சி. 135-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசத்தை வெட்டியே எடுத்துவிடலாம் என்று மேலே பார்த்தோம்.

17-50 எஃப் 2.8 விஷயத்தில் இணையத்துக்காரர் சொன்னது பாதி உண்மை. டாம்ரானில் ஸ்டெபிலைசர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு உண்டு. சிக்மாவிலும் ஒன்று உண்டு. செகண்ட் ஹேண்டில் உங்கள் காசுக்கு வரும், வீட்டு விசேஷத்துக்குக் கிட் லென்ஸைவிட எவ்வளவோ மேல். நானே டாம்ரானை வைத்து ஏகப்பட்ட வளைகாப்பும் காதுகுத்தும் எடுத்திருக்கிறேன். ஆனால் 50-இல் முடிந்துவிடும். நீங்கள் இப்போது 55-இல் எட்டவில்லை என்கிறீர்கள்! தவிர, வேறு கம்பெனி லென்ஸ்களில் வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸ் சில அங்குலம் முன்னேயோ பின்னேயோ விழும் பிரச்சினை ஒன்றிரண்டில் இருக்கும், எஃப் 2.8-இல் அது பளிச்சென்று தெரியும். பெரிய கேமராக்களில் அதைச் சரிசெய்ய மெனுவில் வசதி உண்டு, 200டி-யில் கிடையாது. வாங்குவதற்கு முன் ஒரே பொருளை வியூஃபைண்டரில் ஒருமுறை, லைவ் வியூவில், அதாவது பின் திரையைப் பார்த்து, ஒருமுறை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். லைவ் வியூவில் சென்சாரே நேரடியாக ஃபோகஸ் பார்ப்பதால் அந்தப் பிசகு வராது. இரண்டும் ஒன்றாக இருந்தால் வாங்கலாம். லைவ் வியூ மட்டும் கூர்மையாக இருந்தால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆக, என் பதில் கேனானின் ஈஎஃப்-எஸ் 18-135. அதில் மூன்று பதிப்பு உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். 2009-இல் வந்தது வெறும் ஐ.எஸ். 2012-இல் வந்தது ஐ.எஸ். எஸ்.டி.எம். 2016-இல் வந்தது ஐ.எஸ். நானோ யு.எஸ்.எம். ஐ.எஸ். என்பது ஸ்டெபிலைசர், யு.எஸ்.எம் என்பது இன்னொரு வகை ஃபோகஸ் மோட்டார். லென்ஸ் மேலேயே எழுதியிருக்கும், விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாமல் எழுத்தைப் படித்துப் பாருங்கள். முதல் பதிப்பை விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். ஃபோகஸ் மெதுவு, சத்தமும் அதிகம். எஸ்.டி.எம்-உம் யு.எஸ்.எம்-உம் படத் தரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். யு.எஸ்.எம்-இன் ஃபோகஸ் வியூஃபைண்டரில் இன்னும் சுறுசுறுப்பு, ஓடும் குழந்தைக்கு அது உதவும். எடை 480-க்கும் 515-க்கும் இடையே. இப்போதுள்ள 18-55-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல், ஆனாலும் நாள் முழுக்கக் கழுத்தில் கிடக்கலாம். 25,000-க்குள் புதிதாக எதிர்பார்க்காதீர்கள், செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். கேனான் 70டி, 80டி கேமரா வாங்கியவர்கள் நிறையப் பேருக்கு இது கிட் லென்ஸாகவே வந்தது. அவர்களில் பலர் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே மிரர் இல்லாத புது வகைக் கேமரா) மாறிக்கொண்டிருப்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை.

இந்த லென்ஸில் எனக்குப் பிடித்த ஒரு குணத்தை விளம்பரங்களில் பெரிதாகச் சொல்வதில்லை. 39 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். 135-இல் அப்படி நெருங்கினால் எட்டு சென்டிமீட்டர் அகலப் பொருள் படத்தை நிறைத்துவிடும். தாராசுரம் போனால் இதன் அருமை தெரியும். அங்கே மண்டபத் தூண்களில் உள்ளங்கை அகலத்துக்கும் சிறிதாகச் செதுக்கியிருக்கிறார்கள், ஆடுகிற பெண்ணின் கால் கொலுசு வரைக்கும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் எட்டடி தள்ளி நின்று முழுத்தூணை எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 18-135-ஐ முழுக்க நீட்டி, எஃப் 8 வைத்து, பக்கவாட்டு வெளிச்சம் விழும் காலை நேரத்தில் ஒரே ஒரு சதுரத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்டெபிலைசருக்கும் அங்கே முழு வேலை கிடைக்கும்.

லென்ஸ் மாற்றக் கூடாது என்கிற நிபந்தனையை மட்டும் கொஞ்சம் தளர்த்தினால் இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. இருக்கிற 18-55-ஐ வைத்துக்கொண்டு 55-250 எஸ்.டி.எம் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவது. 375 கிராம், நீளப் பக்கத்தில் 18-135-ஐவிடக் கூர்மை. ஆண்டு விழாவுக்கு வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போனால் அங்கே மாற்ற வேண்டிய அவசியமே வராது. மிச்சக் காசுக்கு 50 எஃப் 1.8 எஸ்.டி.எம் வாங்கினால் வீட்டு இருட்டும் தீர்ந்தது, 160 கிராம் எடைதான். எஃப் 5.6-க்கு அது மூன்று ஸ்டாப்புக்கு மேல் கூடுதல் வெளிச்சம். மேலே 6400 என்று சொன்ன இடத்தில் 640 போதும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். ஆனால் நீங்கள் கேட்டது வேறு. மனைவி கையில் குழந்தை, உங்கள் கையில் தண்ணீர் பாட்டில், தோளில் பை, இந்த நிலையில் லென்ஸ் மாற்று என்று சொல்கிற அறிவுரையை நான் வற்புறுத்த மாட்டேன். தூசி உள்ளே போய்விடும் என்ற பயத்துக்காக மட்டும் மறுக்காதீர்கள்; கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றடிக்காத இடத்தில் மாற்றினால் ஒன்றும் ஆகாது. கடற்கரை மட்டும் விலக்கு.

கேனான் மிரர்லெஸ்ஸுக்குப் போய்விட்டதே, இப்போது இந்தப் பழைய மவுண்ட்டில் (கேமராவில் லென்ஸ் மாட்டும் அமைப்பு) காசு போடலாமா என்பதும் நியாயமான கேள்விதான். 2018-க்குப் பிறகு கம்பெனியின் கவனம் முழுக்க மிரர்லெஸ்ஸுக்கான ஆர்.எஃப் மவுண்ட்டில் இருக்கிறது. நாளைக்கு ஆர்10 மாதிரி மிரர்லெஸ் கேமரா ஒன்றுக்கு மாறினாலும் 18-135-ஐ அடாப்டர் போட்டு அப்படியே பயன்படுத்தலாம், ஃபோகஸும் ஸ்டெபிலைசரும் வேலை செய்யும். சர்வீஸ் பாகங்கள் எவ்வளவு வருடம் தாராளமாகக் கிடைக்கும் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. அதனால்தான் புதிதுக்கு முழு விலை கொடுக்காமல் செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஐந்தாறு வருடம் ஓட்டுங்கள் என்கிறேன்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், என் மேஜைக்கு வருவதில் பெரும்பகுதி பார்க்காமல் வாங்கியதுதான். போன் டார்ச்சைப் போட்டு ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகப் பரவியிருந்தால் ஃபங்கஸ். எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். துடைத்து எடுக்கலாம், ஆனால் கோட்டிங்கை அரித்திருந்தால் தழும்பு நிற்கும். முன் கண்ணாடியில் ஒரு கீறல் பெரிய விஷயமில்லை, பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். ஜூம் வளையத்தை மெதுவாக முழுக்கச் சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் நெருடினால் உள்ளே மணல், அல்லது ஒருமுறை கீழே விழுந்தது. முழுக்க நீட்டி முனையை லேசாக ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், லொடலொடவென்று ஆடக் கூடாது.

யாரும் செய்யாத சோதனை ஒன்று. லென்ஸுக்குள் ஃபிளெக்ஸ் கேபிள் என்று மெல்லிய பட்டை ஒன்று, ஜூம் செய்யும் ஒவ்வொரு முறையும் மடங்கி விரிந்துகொண்டே இருக்கும். பழசானால் ஏதோ ஒரு மடிப்பில் விரிசல் விடும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் வாயை, முழுக்கத் திறந்து எடுத்தால் தகடுகள் அசையவே வேண்டியதில்லை, கோளாறு வெளியே தெரியாது. கடையில் எல்லோரும் திறந்து வைத்தே எடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் எஃப் 11 வைத்து 18, 24, 35, 50, 85, 135 என்று ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுங்கள். எங்காவது "எரர் 01" வந்தால் முதலில் லென்ஸின் பின்னால் இருக்கும் தங்க நிறக் காண்டாக்ட்டைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறமும் அதே நிலையில் வந்தால் கேபிள் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு சுவரில் ஒரு தினத்தாளை விரித்து ஒட்டி, நேராக நின்று 18-இலும் 135-இலும் எடுத்து நாலு மூலை எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கினால் அது அந்த லென்ஸின் சுபாவம். ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது.

நிகான் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் 18-140 வி.ஆர் (நிகான் ஸ்டெபிலைசரின் பெயர்) அல்லது அதற்கு முந்தைய 18-105 வி.ஆர் என்று வைத்துக்கொள்ளலாம், வேலை அதேதான். டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால் தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்.டி லென்ஸ்களில் ஆட்டோ ஃபோகஸ் வராது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு தோல் பைக்குள் மூடி வைக்காதீர்கள். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு ஃபங்கஸ் தானாக வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம், அந்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம். யு.வி. ஃபில்டர் கட்டாயமில்லை. போட்டே ஆகவேண்டும் என்றால் 67 மில்லிமீட்டர் அளவில் கோட்டிங் உள்ளதாக வாங்குங்கள். நடைபாதை ஃபில்டரைப் போட்டுக்கொண்டு குத்துவிளக்கை எடுத்தால் சுடரின் பிரதிபலிப்பு படத்தின் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக இன்னொரு சுடராக விழும். ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு) வாங்குவதே மேல், வெயிலையும் மறைக்கும், இடிபட்டாலும் முதலில் அதுதான் அடி வாங்கும். இந்த விலை லென்ஸ்களுக்குக் கேனான் ஹூட் சேர்த்துத் தருவதில்லை. எஸ்.டி.எம் என்றால் ஈ.டபிள்யூ-73பி, நானோ யு.எஸ்.எம் என்றால் ஈ.டபிள்யூ-73டி என்று கேட்டு வாங்குங்கள்; கடையில் மாற்றிக் கொடுத்தால் மாட்டாது.